கலங்கல் இல்லாத ஏரிகள்: பனிமலையில் ஏரி உடைவது ஏன், உயிர்களைக் காப்பது எப்படி?

சிக்கிமின் வடகோடியில் உள்ள தெற்கு லோனாக் ஏரியின் செயற்கைக்கோள் படங்களை இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் 2023 அக்டோபரில் வெளியிட்டது. செப்டம்பர் 28 அன்று ஏரியின் பரப்பு 167.4 ஹெக்டேர். அக்டோபர் 4 காலையில் 60.3 ஹெக்டேர். ஆறு நாள் இடைவெளியில் ஏரியின் மூன்றில் இரண்டு பங்கைக் காணவில்லை.

அந்த நீர் போன வழி இது. அக்டோபர் 3 இரவு பத்து மணிக்குப் பிறகு, ஏரியின் பக்கச் சரிவில் உறைந்து கிடந்த மண்ணும் கல்லும் பெயர்ந்து நீருக்குள் விழுந்தன. விழுந்த மண்ணின் அளவு ஏறத்தாழ 1.47 கோடி கன மீட்டர். ஒரு வாளி நீரில் செங்கல்லைப் போட்டால் நீர் எப்படித் துள்ளி வெளியே விழும்? அதே கதைதான், அளவுதான் வேறு. எழுந்த அலையின் உயரம் சுமார் 20 மீட்டர் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கணித்தன. அலை எதிர்க்கரையை அடித்துத் தாண்டியது, கரை உடைந்தது, சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் தீஸ்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும். அதில் ஏறத்தாழ பாதி, 5,200 மீட்டர் உயரத்திலிருந்து, ஒரே இரவில் கீழே வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

60 கிலோமீட்டருக்கும் மேல் கீழே இருந்த சுங்தாங் அணையை நள்ளிரவையொட்டி வெள்ளம் அடைந்தது. 60 மீட்டர் உயர அணை அது. 1,200 மெகாவாட் திறன் கொண்ட தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணை. மதகுகளைத் திறந்து நீரை வெளியேற்றுவதற்குள் வெள்ளம் அணையின் தலைக்கு மேல் ஏறி, அணையையே அள்ளிக்கொண்டு போனது. 55 பேர் இறந்தார்கள். 74 பேரைக் கடைசிவரை காணவில்லை. வெள்ளத்தின் பாதிப்பு வங்கதேசம் வரை நீண்டது.

செய்திகள் இதைத் 'திடீர் வெள்ளம்' என்றன. படுக்கையிலிருந்து எழுந்து ஓடியவர்களுக்கு அது திடீர்தான். ஏரியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் அதன் பரப்பு 20 ஹெக்டேர் அளவில்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பெருத்துக்கொண்டே வந்ததைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டிருந்தன, ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏரி உடைந்தால் சுங்தாங்குக்கு என்ன ஆகும் என்று கணினியில் கணித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 2021இலேயே வெளியானது. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்த ஒன்று எப்படி ஒரே இரவில் இத்தனை பேரைக் கொல்ல முடிந்தது? இதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த ஏரிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

யாரும் கட்டாத கரை

உயர்ந்த மலைகளில் ஆண்டுக்கணக்கில் விழும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. இதுதான் பனியாறு. ஆறு என்று பெயர் இருந்தாலும் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரோ சில அடியோதான் நகரும். நகரும்போது மலையைச் சுரண்டி, பாறை, சரளை, மணல், களிமண் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மண்வெட்டியால் ஈர மண்ணைத் தள்ளினால் அதன் முன்னால் ஒரு குவியல் சேருமே, அதுபோலப் பனியாற்றின் முகப்பிலும் இரு பக்கங்களிலும் ஒரு மேடு உருவாகிறது. இந்த மேட்டுக்கு மொரைன் என்று பெயர்.

சில நூற்றாண்டுகளுக்கு முன் உலகம் சற்றுக் குளிர்ந்திருந்த காலத்தில் பனியாறுகள் முன்னேறி வந்து பெரிய பெரிய மொரைன்களைக் குவித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவை பின்வாங்கத் தொடங்கின. அண்மைப் பத்தாண்டுகளில், நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமி சூடேற, பின்வாங்கும் வேகம் கூடிவிட்டது. பனி விலகிய இடத்தில் பள்ளம் இருக்கிறது. பள்ளத்துக்கு முன்னால் மொரைன் மேடு இருக்கிறது. உருகிய நீர் அங்கே தேங்குகிறது. பனியேரி பிறந்துவிட்டது.

எவரெஸ்ட் வட்டாரத்தில் இம்ஜா என்ற ஏரி இருக்கிறது. 1950களில் அங்கே ஏரியே இல்லை. பனியாற்றின் மேல் சில குட்டைகள் மட்டும் இருந்தன. குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இன்று அது 1 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் நடந்த மாற்றம் இது. ஏரி ஒருமுறை பிறந்துவிட்டால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளவும் செய்யும். வெயிலில் சூடாகும் நீர் பனியாற்றின் அடிப்பகுதியை அரிக்கிறது, மேலே தொங்கும் பனி பெயர்ந்து நீரில் விழுகிறது, ஏரி இன்னும் சற்று நீள்கிறது. உலகம் முழுவதும் பனியேரிகளில் உள்ள நீரின் கொள்ளளவு 1990க்கும் 2018க்கும் இடையே 48 விழுக்காடு கூடியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நம் ஊர் ஏரியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது உடனே விளங்கும். ஏரி வெட்டிய நம் முன்னோர்கள் கரையை மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. வயலுக்கு நீர்விட மதகு வைத்தார்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் தானாக வழிந்து போகக் கலங்கல் கட்டினார்கள். அலை அரிக்காமலிருக்கக் கரையின் உள்பக்கம் கல் பதித்தார்கள். இவற்றில் உயிர்நாடி கலங்கல்தான். மண்ணால் ஆன கரையின் தலைக்கு மேல் நீர் வழியவே கூடாது. வழிந்தால் கரை நிற்காது. மழைக்காலத்தில் கலங்கலில் நீர் போகிறதா என்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வருவது இதனால்தான்.

மொரைன் கரையை யாரும் கட்டவில்லை. அதில் மதகு இல்லை, கலங்கலும் இல்லை. பாறையும் மணலும் கலந்து தளர்வாகக் குவிந்த மேடு, அவ்வளவே. அதைவிட மோசம், பல மொரைன்களின் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் திடமான மண்மேடு. உள்ளே பனி உருக உருக, கரை உட்கார்ந்துகொண்டே போகும். அந்தக் கரைக்குப் பின்னால் பல கோடி கன மீட்டர் நீர் நிற்கிறது.

எல்லாப் பனியேரிகளும் இப்படிப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். திடப்பாறைப் பள்ளத்தில் தேங்கிய ஏரிகளின் கரை எளிதில் உடையாது. வேறு சில ஏரிகளுக்குப் பனியாறே அணையாக நிற்கும். பாகிஸ்தானின் ஹூன்சாவில் ஷிஷ்பர் பனியாறு முன்னேறி வந்து பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீரை மறித்தது. அப்படித் தேங்கிய ஏரி 2022 மே 7 அன்று வடிந்தபோது காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலம் விழுந்தது. பனி அணைகள் உடைந்து, மறுபடி அடைத்து, மறுபடி உடையும். அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2011 முதல் ஆண்டுதோறும் இப்படியொரு வெள்ளத்தைச் சந்தித்து வருகிறது. பனியாற்றின் முதுகிலேயே குளம்போலத் தேங்கி, திடீரென வடியும் ஏரிகளும் உண்டு. 2025 ஜூலையில் நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில் எல்லைப் பாலத்தை அடித்துச் சென்ற வெள்ளம் திபெத் பக்கத்தில் இருந்த அத்தகைய ஏரி வடிந்ததால் வந்தது. இமயமலையில் பெரிய உயிர்ச்சேதத்தை உண்டாக்கக்கூடியவை மொரைன் ஏரிகள். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசுகிறது.

உடைக்கும் கை எது

கரை பலவீனமாக இருப்பது ஒன்று. அதை உடைக்கும் உந்துதல் வேறொன்று. பெரும்பாலான உடைப்புகளில் அந்த உந்துதல் மேலே இருந்து வந்து விழுகிறது. பனிச்சரிவோ, பாறைச்சரிவோ, பனியாற்றின் முகப்பிலிருந்து பெயரும் பெரிய துண்டோ ஏரியில் விழுந்து அலையை எழுப்பும். லோனாக்கில் விழுந்தது பக்கச் சரிவு. அந்தச் சரிவைப் பிடித்துவைத்திருந்தது சிமென்ட் போல இறுகிய உறைபனிதான். ஆண்டு முழுவதும் உருகாமல் இருந்த அந்த மண், வெப்பம் கூடக் கூடத் தன் பிடியை விடுகிறது. அதாவது, ஒரே காரணம் மூன்று இடங்களில் வேலை செய்கிறது: பனியாற்றை உருக்கி ஏரியைப் பெரிதாக்குகிறது, கரைக்குள் இருக்கும் பனியை உருக்கி அதை மெலிவாக்குகிறது, மேலே உள்ள சரிவை இளக்கி ஏரிக்குள் தள்ளுகிறது.

அலை இல்லாமலும் உடையலாம். பலத்த மழையில் நீர்மட்டம் ஏறிக் கரைமேல் வழியலாம். கரைக்குள் ஊற்றுப் போல நீர் கசிந்து கசிந்து வழி பெரிதாகலாம். நிலநடுக்கம் கரையைக் குலுக்கலாம்.

நீர் கரையின் தலையைத் தாண்டத் தொடங்கியபின் நடப்பதை ஏரிக்கரை உடைப்பைப் பார்த்தவர்கள் அறிவார்கள். முதலில் ஒரு சின்ன வாய்க்கால். அதில் ஓடும் நீர் அடிமண்ணை அரிக்கிறது. வாய்க்கால் ஆழமாகிறது, ஆழமானதால் இன்னும் அதிக நீர் ஓடுகிறது, அதிக நீர் ஓடுவதால் இன்னும் வேகமாக அரிக்கிறது. இருபுறமும் கரை இடிந்து விழுகிறது. யாராலும் நிறுத்த முடியாத கட்டம் சில நிமிடங்களிலேயே வந்துவிடும்.

கீழே இறங்குவது வெறும் நீரன்று. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெள்ளம் என்றால் நம் கண்ணுக்கு வருவது கலங்கிய நீர்தான். லோனாக் வெள்ளம் வழியில் அரித்தெடுத்த மண், கல் ஆகியவற்றின் அளவு ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏரியிலிருந்து வந்த நீரைப்போல ஐந்து மடங்குக்கு மேல். நேபாளத்தில் 1985 ஆகஸ்ட் 4 அன்று டிக் சோ ஏரி உடைந்தபோது பார்த்தவர்கள், மரங்களையும் பாறைகளையும் சுமந்த கரிய திரள் ஒன்று பள்ளத்தாக்கில் நகர்ந்து வந்ததாகவும் நிலநடுக்கம் போலத் தரை அதிர்ந்ததாகவும் சொன்னார்கள். ('சோ' என்றால் திபெத்திய மொழியில் ஏரி.) கட்டி முடியும் தறுவாயில் இருந்த நீர்மின் நிலையமும் 14 பாலங்களும் அதில் போயின.

இவ்வளவு மண் சேர்ந்தால் நீரின் குணமே மாறிவிடுகிறது. ஈரக் கான்கிரீட் போலக் கனத்து, லாரி அளவு பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். வளைவுகளில் கரையின் அடியைக் குடைவதால், வெள்ளம் தொடாத உயரத்தில் இருக்கும் வீடுகளும் சரிந்து விழும். வடிந்த பிறகு விட்டுச் செல்வது சேறு. சிக்கிமின் சிங்தாம், ரங்போ போன்ற ஊர்களில் கட்டடங்களின் கீழ்த்தளங்கள் மணலில் புதைந்தன. இராணுவ முகாம் ஒன்றிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட வெடிபொருட்கள் கீழே மேற்கு வங்கம் வரை ஆற்றோரங்களில் ஒதுங்கின. ஜல்பாய்குரி பகுதியில் கரையொதுங்கிய குண்டு வெடித்து உயிர் போனது. தீஸ்தாவின் படுகை மேடேறிவிட்டதால், அடுத்த ஆண்டின் வழக்கமான மழை வெள்ளமும் கரையோர ஊர்களுக்குள் எளிதில் புகுந்தது. ஓர் இரவின் வெள்ளம் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். மலையில் வெள்ளம் வந்தாலே 'பனியேரி உடைந்தது' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் 200க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட வெள்ளத்தையும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு படங்களைப் பார்த்தபோது, ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது தெரிந்தது. அங்கே ஏரி எதுவும் உடையவில்லை. மாறாக, 2013 ஜூனில் கேதார்நாத்தை அழித்த பேரிடரில், பேய்மழையோடு, கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி என்ற சிறிய ஏரி உடைந்ததும் சேர்ந்துகொண்டது. காரணத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். ஏனெனில் ஏரியைக் கண்காணித்தால் சமோலியைத் தடுத்திருக்க முடியாது.

நீரை இறக்குவது

இடரைக் குறைக்க முதலில் தோன்றும் வழி, ஏரியில் நீரைக் குறைப்பது. இதில் உலகுக்கு வழிகாட்டியது பெரு நாடு. அங்கே 1941 டிசம்பர் 13 காலையில் பால்காகோச்சா ஏரி உடைந்து, வழியில் இன்னோர் ஏரியையும் உடைத்துக்கொண்டு வந்து, வாராஸ் நகரில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகு பெரு அரசு ஆன்டீஸ் மலையில் 30க்கும் மேற்பட்ட ஏரிகளில் வேலை செய்தது. கரையில் வெட்டுவாய் வெட்டி நீரை இறக்கும், அடியில் குழாய் பதிக்கும், அதன் மேல் உறுதியான கரையை மறுபடி எழுப்பும். நம் மொழியில் சொன்னால், இயற்கை வைக்காமல் விட்ட கலங்கலை மனிதர் வைத்தார்கள்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. பூடானின் தோர்தோர்மி ஏரியில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். அதே பகுதியில் 1994 அக்டோபர் 7 அன்று லுக்கே சோ ஏரி உடைந்து 21 பேர் இறந்தார்கள். வெகு தூரம் கீழே இருக்கும் புனாக்காவின் பழம்பெரும் கோட்டை மடாலயமும் சேதமடைந்தது. அடுத்தது தோர்தோர்மியாக இருக்கலாம் என்ற அச்சத்தில் நீர்மட்டத்தை 5 மீட்டர் இறக்க முடிவு செய்தார்கள். சாலை முடியும் இடத்திலிருந்து ஏரிக்குப் பல நாள் நடக்க வேண்டும். கனரக இயந்திரம் கொண்டுபோக வழியில்லை. கொண்டுபோனாலும் அதன் அதிர்வே கரையை உடைத்துவிடலாம். எனவே ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கணக்கான ஆட்கள், 4,400 மீட்டருக்கு மேல், மூச்சு வாங்கும் காற்றில், உறையும் நீரில் இறங்கி நின்று கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வாய்க்கால் வெட்டினார்கள். பாறைகளைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியேற்றினார்கள். ஆண்டில் சில மாதங்கள்தான் வேலை செய்ய முடியும். 2012 வரை பல பருவங்கள் ஆயின. பேரிடர் மேலாண்மை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்களின் மரத்துப்போன கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நேபாளத்தில் சோ ரோல்பா ஏரியை 2000இல் 3 மீட்டரும், இம்ஜாவை 2016இல் நேபாள இராணுவத்தினர் 3.4 மீட்டரும் இறக்கினார்கள். மூன்று மீட்டர் இறக்கி என்ன பயன் என்று தோன்றலாம். கரையின் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. நடுத்தர அலை ஒன்று எழுந்தால் அது கரையைத் தாண்டாது. கரை மீதான அழுத்தமும் குறைகிறது. ஆனால் லோனாக்கில் எழுந்தது போல 20 மீட்டர் அலை வந்தால் மூன்று மீட்டர் இடைவெளி போதாது. நீர் இறக்கிய ஏரி பாதுகாப்பான ஏரி ஆகிவிட்டது என்று நம்புவது தவறு.

லோனாக்கிலும் முயற்சி நடந்தது. 2016இல் சிக்கிம் அரசும் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக்கும் சேர்ந்து, 8 அங்குலக் குழாய்கள் மூன்றைப் பதித்து, மண்ணெண்ணெய் கேனில் ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதுபோல, சைஃபன் முறையில் நீரை வடித்தார்கள். நொடிக்கு 150 லிட்டர் வெளியேறும் என்பது கணக்கு. நல்ல முயற்சி, அதைச் செய்தவர்கள் அந்தக் குளிரில் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 150 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு சுமார் 13,000 கன மீட்டர். உடைந்து வந்த 5 கோடி கன மீட்டரை அந்த வேகத்தில் வடிக்க, புதிதாக ஒரு சொட்டும் சேராமல் இருந்தாலும், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குழாய் ஒரு தொடக்கமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த படியான கலங்கல் வரவேயில்லை.

நீரை இறக்கும்போது அந்த நீர் யாருடையது என்ற கேள்வியும் எழும். பெருவின் பரோன் ஏரியில் சுரங்கக் குழாய் அமைத்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். பிறகு அந்த மதகு மின் உற்பத்திக்கான நீர்த்திறப்பாக மாறியது. ஏரியை நம்பி உழுது பிழைத்த கீழ்ப்பகுதி விவசாயிகள் 2008இல் திரண்டு போய் மதகைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். பனியேரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வெடிகுண்டு என்று மட்டும் பார்க்கிறோம். அதன் கீழே வாழ்கிறவர்களுக்கு அது குடிநீரும் பாசனமும்கூட.

எச்சரிக்கை யார் காதில் விழ வேண்டும்

ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வாய்க்கால் வெட்ட முடியாது. எனவே எதை முதலில் கவனிப்பது என்று பிரிக்கிறார்கள். ஏரி வளர்கிறதா, கரை அகலமா ஒடுக்கமா, உள்ளே பனி இருக்கிறதா, மேலே தொங்கும் பனியோ இளகிய சரிவோ உண்டா என்று பார்க்கிறார்கள். இவையெல்லாம் மலையின் பக்கத்துக் கேள்விகள். கீழே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மிச்சம். ஆளில்லாப் பள்ளத்தாக்கில் பெரிய ஏரி உடைந்தால் அது இயற்கை நிகழ்ச்சி. ஆற்றோரத்தில் ஊர் இருந்தால் சின்ன ஏரியும் பேரிடர். உலகில் ஏறத்தாழ 1.5 கோடி மக்கள் பனியேரி வெள்ளம் எட்டக்கூடிய இடங்களில் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் இந்தியா, பாகிஸ்தான், பெரு, சீனா ஆகிய நான்கு நாடுகளில் இருக்கிறார்கள் என்றும் 2023இல் வெளியான ஆய்வு சொன்னது.

கீழே இருப்பவர்களுக்குத் தேவைப்படுவது நேரம். லோனாக்கிலிருந்து சுங்தாங்குக்கு வெள்ளம் வர இரண்டு மணி நேர அளவு ஆனது. ஒரு ஊரே மேட்டுக்கு ஏறிவிட அது தாராளமான நேரம். ஏரிக்கரையில் கேமராவும் வானிலைக் கருவியும் 2023 செப்டம்பரில்தான் நிறுவப்பட்டன. அது முழு எச்சரிக்கை அமைப்பாக வளர்வதற்குள் கரை உடைந்துவிட்டது. பத்து ஆண்டுகள் முன்பே செய்திருக்கக்கூடிய வேலை சில வாரங்களில் தவறிப்போனது. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

கருவியை வைத்தால் மட்டும் போதாது என்பதைச் சோ ரோல்பா முன்பே காட்டியிருந்தது. 1998இல் அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களில் தானியங்கிச் சங்குகள் வைத்தார்கள். நல்ல கருவிகள். ஆனால் வெள்ளம் வரவில்லை, ஆண்டுகள் போயின, பராமரிக்க ஆளில்லை, உதிரிகள் களவு போயின, சில ஆண்டுகளிலேயே சங்குகள் ஊமையாயின. எச்சரிக்கை அமைப்பின் கடைசிக் கண்ணி மனிதர்தான். சங்கு ஒலித்தால் அது எதற்கான ஒலி என்று பள்ளிப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்; எந்தப் பாதையில் ஏற வேண்டும் என்று பாட்டிக்குத் தெரிய வேண்டும்; நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்; அணையின் காவலறையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு, மேலதிகாரியைக் கேட்காமலே மதகைத் திறக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒத்திகை நடத்தினால்தான் இவை நிலைக்கும்.

நாடுகளுக்கு இடையிலும் செய்தி ஓட வேண்டும். கோசி, கண்டகி, கர்ணாலி ஆற்றுப் படுகைகளில் ஆபத்தானவை என்று காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2020இல் பட்டியலிட்ட 47 ஏரிகளில் 25 திபெத்தில் இருக்கின்றன. அவை உடைந்தால் நீர் வந்து சேருவது நேபாளத்துக்கு. 1981இல் திபெத்தில் ஓர் ஏரி உடைந்து எல்லையில் இருந்த நட்புப் பாலத்தை அடித்துச் சென்றது. 2025இல் ரசுவாவில் போன பாலத்தின் பெயரும் நட்புப் பாலம்தான்.

இந்தியாவில் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்காக 150 கோடி ரூபாயில் பனியேரி இடர் குறைப்புத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2024இல் ஏற்றுக்கொண்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால் ஏரியைக் கவனிப்பதைவிடக் கடினமான வேலை ஆற்றோரத்தில் இருக்கிறது. மலைநாட்டில் சமதளம் கிடைக்கும் ஒரே இடம் ஆற்றங்கரை. சந்தையும், பஸ் நிலையமும், முகாமும், பள்ளியும் அங்கேதான் அமைகின்றன. வாராஸில் 1941க்குப் பிறகு வெள்ளம் வந்த தடத்தில் கட்டக்கூடாது என்று அரசு தடுத்துப் பார்த்தது; மக்கள் அங்கேயே திரும்பி வந்து கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்வாதாரத்தோடு சேர்ந்த மாற்று இடம் கொடுக்காமல் 'போ' என்று சொன்னால் யாரும் போகமாட்டார்கள். ஆனால் அரசே கட்டும் கட்டடங்களும் அணைகளும் வேறு. அவற்றை எங்கே வைப்பது, எவ்வளவு வெள்ளத்தைத் தாங்குமாறு கட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. தேங்கிய நீரோடு நிற்கும் அணை உடைந்தால், அந்த நீரும் ஏரி வெள்ளத்தோடு சேர்ந்துகொள்கிறது. சுங்தாங்கில் அதுதான் நடந்தது. அந்த அணையை மேலும் உயரமாக, கான்கிரீட்டில் திரும்பக் கட்டும் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிந்துரை அளித்தது. மலையின் ஏரிகளுக்கான எச்சரிக்கை அமைப்பு முழுமையாகும் முன் அணைக்கு அவசரம் ஏன் என்று அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

இமயத்தின் சிற்றூர்க்காரர்கள் இந்தப் பனியை உருக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வாராஸைச் சேர்ந்த சவுல் லூசியானோ லியூயா என்ற விவசாயி, பால்காகோச்சாவின் ஆபத்துக்குத் தன் பங்கை ஏற்க வேண்டும் என்று ஜெர்மனியின் பெரிய மின் நிறுவனம் ஒன்றின் மீது 2015இல் வழக்குத் தொடர்ந்தார். 2025 மே மாதம் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய வீட்டுக்கு உடனடி ஆபத்து நிறுவப்படவில்லை என்றது. அதே தீர்ப்பில், கரியமில வாயுவை வெளியேற்றுவோர் இத்தகைய சேதத்துக்குக் கொள்கையளவில் பொறுப்பாக முடியும் என்றும் சொன்னது.

கடைசியாக ஒரு ஊரைக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். எவரெஸ்ட்டில் அதிக முறை ஏறிய காமி ரீட்டா செர்பாவின் ஊர், நேபாளத்தின் 'தாமே' என்ற சிற்றூர். 1985இல் டிக் சோ உடைந்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். 2024 ஆகஸ்ட் 16 அன்று அதே பள்ளத்தாக்கின் மேலே, தியான்போ என்ற சிறிய ஏரி உடைந்தது. ஆபத்தானவை என்று எண்ணிவைத்த அந்த 47 ஏரிகளில் அது இல்லை. வீடுகளும் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் போயின. ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. வெள்ளம் வந்தது பிற்பகலில், வெளிச்சம் இருந்தது, மக்கள் பார்த்தார்கள், மேட்டுக்கு ஓடினார்கள்.